பாலையில் பாயும் வெண்ணுரை



"பாலைவனத்துக்குப் போகிறேன், படகோட்ட" என்று ஒருவர் நம்மிடம் சொன்னால் என்ன நினைப்போம்? மணலைக் கயிறாகத் திரிக்கப் புறப்பட்டவர் என்று நகைப்போம். அல்லது கானல்நீரைக் கண்டு மயங்கியவர் என்று இரங்குவோம். ஆயினும் உலகில் படகோட்டிகள் பெரிதும் விரும்பித் தேடும் ஆறுகளுள் சில, கள்ளியும் முள்ளும் தவிர வேறெதுவும் எளிதில் முளைக்காத நிலங்களின் ஊடேதான் பாய்கின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. அந்தக் கலையைப் பற்றியே இம்மாதம் உங்களோடு உரையாட விழைகிறேன்.

முதலில் படகைப் பற்றிச் சில சொற்கள். வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இனூயிட் மக்கள், கடல்நாய் வேட்டைக்கென்று சட்டத்தின்மேல் தோலைப் போர்த்திச் சமைத்த சிறு படகே 'கயாக்' என்பது. பெரும்பாலும் ஒருவரே அமர்வர். இடுப்பைச் சுற்றி நீர் புகாதபடி மூடிக்கொண்டு, இருபுறமும் இலையுள்ள ஒரே துடுப்பால் வலமும் இடமும் மாறி மாறி வலிப்பர். கவிழ்ந்தால், பயிற்சி உள்ளவர் படகோடு சேர்ந்தே உருண்டு நிமிர்ந்துவிடுவார். பனிக்கடலில் பிறந்த இப்படகு, இன்று நெகிழியால் செய்யப்பட்டு, பாறைகளில் மோதி வெண்ணுரை கக்கிப் பாயும் ஆறுகளில் இறக்கப்படுகிறது. அத்தகைய பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரப்படுத்தியுள்ளனர். முதல் தரம் சிறுவரும் கடக்கத்தக்கது. ஆறாம் தரமோ கைதேர்ந்தவர்க்கும் உயிரோடு விளையாடுவதே ஆகும்.

நீர் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தலைநகரான ஃபீனிக்ஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 7 அல்லது 8 அங்குலமே. அந்நகரின் வழியே செல்லும் சால்ட் ஆற்றின் படுகை, பெரும்பகுதி மணலும் கூழாங்கல்லுமாய் வறண்டு கிடக்கும். அதைக் கண்டவர், "இதுவும் ஓர் ஆறா?" என்று கேட்டுத் திரும்பிவிடுவர். ஆனால் அதே ஆற்றின் தடம் பற்றிக் கிழக்கே மலையேறிப் பார்த்தால் கதை வேறு. 11,000 அடிக்கும் மேல் உயர்ந்த 'வெள்ளை மலை'களில் குளிர்காலமெல்லாம் பனி பெய்து குவிகிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அப்பனி உருகி, ஆழ்ந்த மலையிடுக்குகளின் வழியே முழங்கிக்கொண்டு இறங்குகிறது. நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றிலிருந்து அடுத்த பாலம் வரை ஐம்பது மைலுக்கு மேல் படகிலேயே செல்லலாம். இரு கரைகளிலும் ஆளுயரத்தைப் பன்மடங்கு மீறிய சகுவாரோக் கள்ளிகள் கைதூக்கி நிற்க, நடுவே வெண்ணுரை பொங்குகிறது! கோடை முற்றுமுன் அந்தக் கோலாகலம் அடங்கிவிடும். பனி குறைந்த ஆண்டில் அதுவும் இல்லை.

ஆகவே பாலையில் ஆறு தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது பாலையை அன்று. அதற்கு அப்பாலுள்ள மலையை. நிலப்படத்தை விரித்து, எங்கே பனிச்சிகரம் இருக்கிறது, அங்கிருந்து தாழ்நிலம் வரை ஆறு ஒரு மைலுக்கு எத்தனை அடி இறங்குகிறது என்று கணக்கிடுகிறார்கள். பிறகு பருவத்தைப் பார்க்கிறார்கள். வசந்தத்தில் பனிநீர், சூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கூடிய மழைநீர், குளிர்காலத்தில் பசிபிக் கடலிலிருந்து வரும் மழைநீர். இம்மூன்றில் எது அந்த ஆற்றுக்கு உயிர் என்று அறியாமல் சென்றவர், படகைத் தலையில் சுமந்துகொண்டு மணலில் நடக்க வேண்டியதுதான். விவிலியத்தில் யோபு தம் நண்பர்களைக் கோடையில் மறைந்துபோகும் ஓடைகளுக்கு ஒப்பிடுவதும், அவற்றை நம்பி வந்த வணிகக் கூட்டத்தார் ஏமாந்து நின்றதைச் சொல்வதும் உங்கள் நினைவுக்கு வரலாம். பாலைநில மக்கள் அந்த ஏமாற்றத்தை நன்கறிந்தவர்கள்.

இன்னொரு வியப்பும் உண்டு. பாலை நீரைத் தருவதில் கஞ்சனாக இருந்தாலும், பாய்ச்சலை உண்டாக்குவதில் வள்ளல். புல்லும் மரமும் வேரால் பற்றியிராத மலைச்சரிவில் திடீரென்று பெருமழை கொட்டினால், சேறும் பாறையும் கலந்த ஒரு பெருக்கு பக்கவாட்டு ஓடைகளில் உருண்டு வந்து, வீட்டளவு கற்களையும் ஆற்றின் நடுவே கொண்டுவந்து தள்ளிவிடும். ஆறு குறுகி, தடுக்கி, சீறிப் பாயும். கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலுள்ள பாய்ச்சல்களுள் பெரும்பாலானவை இவ்வாறு ஓடை வந்து சேரும் வாயிலில் அமைந்தவையே. அங்குள்ள 'கிறிஸ்டல்' என்னும் பாய்ச்சல் 1966-ஆம் ஆண்டு திசம்பர் வரை பெரிதாகப் பேசப்படாத ஒன்று. அம்மாதத்துப் பெருமழை உருட்டி வந்த பாறைகள், அதை அவ்வாற்றின் மிகக் கொடிய இரு பாய்ச்சல்களுள் ஒன்றாக்கிவிட்டன.

ஒற்றைக் கையரின் பயணம்

இந்த ஆற்றைப் பற்றிப் பேசும்போது ஒருவரை மறக்கலாகாது. ஜான் வெஸ்லி பவல் என்பது அவர் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ஆம் ஆண்டு ஷைலோ போர்க்களத்தில் வலக்கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு அவர் 1869-ஆம் ஆண்டு மே 24 அன்று, தம்மையும் சேர்த்துப் பத்துப் பேர், நான்கு படகுகள், பத்து மாத உணவு ஆகியவற்றோடு வயோமிங் பகுதியில் ஆற்றில் இறங்கினார். நிலப்படத்தில் அப்பகுதி வெற்றிடமாகவே இருந்தது. அடுத்த வளைவில் அருவி இருக்கிறதா, அமைதி இருக்கிறதா என்பதை அறிந்தவர் அவர்களுள் ஒருவருமில்லை.

ஒரு படகு சில வாரங்களிலேயே பாறையில் மோதிச் சிதறியது; அதனோடு உணவும் கருவிகளும் போயின. ஒருவர் சூலையில் விலகிக்கொண்டார். ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், கிராண்ட் கேன்யனின் கடைக்கோடியில், அதுவரை கண்டவற்றையெல்லாம் மிஞ்சும் ஒரு பாய்ச்சலின் முன் அவர்கள் நின்றார்கள். கெட்டுப்போன மாவும் சிறிது காப்பியுமே எஞ்சியிருந்தன. ஆகஸ்டு 28 அன்று மூவர், "இதற்கு மேல் முடியாது" என்று முடிவு செய்து, நண்பர்களிடம் விடைபெற்று, செங்குத்தான பாறைச் சுவரில் ஏறிப் பாலைநிலத்தின் வழியே ஊர் தேடிப் புறப்பட்டனர். எஞ்சிய அறுவரும் ஒரு படகை அங்கேயே கைவிட்டு, இரண்டு படகுகளோடு அப்பாய்ச்சலில் இறங்கினர், உயிரோடு கடந்தனர். மறுநாளே பள்ளத்தாக்கு முடிந்தது. ஆகஸ்டு 30 அன்று மனித முகங்களைக் கண்டனர். ஏறிச்சென்ற மூவரோ கொல்லப்பட்டனர். யாரால் என்பது இன்றும் வழக்காகவே உள்ளது.

இரண்டே நாள் பொறுத்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு நாள் என்னும் கணக்கு நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பசித்த வயிற்றோடு, முழங்கும் நீரின் முன் நின்று, அறியாததை நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களைக் கோழைகள் என்று பழிப்பது முறையன்று. அளவு தெரியாத இடத்தில் அறிவுடையோரும் தவறுவர் என்பதே இதில் நாம் கற்பது.

அந்நாளில் படகை வலித்தவர்கள், வழக்கம்போல் செல்லும் திசைக்கு முதுகைக் காட்டியே அமர்ந்தனர். வரும் ஆபத்து அவர்கள் கண்ணில் படாது. சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின், யூட்டாவைச் சேர்ந்த நேதானியேல் கேலோவே என்னும் வேட்டையாடி, இலேசான தட்டையடிப் படகைச் செய்து, தம் முகத்தைப் பாய்ச்சலை நோக்கித் திருப்பிக்கொண்டு அமர்ந்தார். நீரோடு விரையாமல், எதிர்த்து வலித்து, வேகத்தைக் குறைத்து, பாறைகளினூடே வழி தேர்ந்தார். எவ்வளவு சிறிய மாற்றம்! எவ்வளவு பெரிய பயன்! 1938-ஆம் ஆண்டு எல்சாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் என்னும் இரு பெண்மணிகள், தாவர இயல் அறிஞர்கள், கள்ளிவகைகளையும் பிற செடிகளையும் சேகரித்தவாறே அப்பள்ளத்தாக்கைப் படகில் கடந்தனர். அவ்வாறு முழுதும் கடந்த முதற் பெண்டிர் அவர்களே. 1960-ஆம் ஆண்டு ஜெர்மானியரான வால்டர் கிர்ஷ்பாம், எந்த இடத்திலும் படகைச் சுமந்து கரைவழியே சுற்றிச் செல்லாமல், எல்லாப் பாய்ச்சல்களையும் கயாக்கிலேயே கடந்து காட்டினார்.

அளந்தறியும் அறிவு

நிற்க. அறியாமையின் கொடுமையைத் தம் உடலாலேயே அனுபவித்த பவல், பின்னர் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தலைவரானார். அவர் காலத்தில், 1889-ஆம் ஆண்டு, நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் எம்புடோ என்னும் சிற்றூரில், அத்துறையின் முதல் நீரளவு நிலையம் அமைந்தது. ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன அடி நீர் செல்கிறது என்று நாள்தோறும் அளப்பதே அதன் பணி. மேட்டூர் அணைக்கு வினாடிக்கு இத்தனை கன அடி நீர் வருகிறது என்று நாம் செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே கணக்குத்தான். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர்.

இன்று அந்நாட்டில் இத்தகைய நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பலவும் செயற்கைக்கோள் வழியே தம் கணக்கை அனுப்புகின்றன. படகோட்டி தம் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் அதைக் காண்கிறார். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, ஏறுகிறதா, இறங்குகிறதா? ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் உகந்த அளவு உண்டு. அதற்குக் கீழே போனால் பாறை தட்டும். மேலே போனால் ஆறு ஆளை விழுங்கும். ஒரே பாய்ச்சல் ஒரு நாள் மூன்றாம் தரம், மறுநாள் ஐந்தாம் தரம். எனவே "நான் அந்த ஆற்றைக் கடந்தவன்" என்று மார்தட்டுவதற்குப் பொருளில்லை. எந்த நாளில், எந்த அளவில் என்று கேட்க வேண்டும்.

அணைகளின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1963-ஆம் ஆண்டு கிளென் கேன்யன் அணை மூடப்பட்ட பிறகு, கிராண்ட் கேன்யனில் ஓடும் நீர் பெரும்பாலும் அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீரே. முன்பு செம்மண் கலந்து வெதுவெதுப்பாய் ஓடிய ஆறு, இன்று அணையின் கீழே தெளிந்து, குளிர்ந்து வெளிப்படுகிறது. இசைவுச் சீட்டும் வேண்டும். தம் சொந்தப் படகில் அங்கே செல்ல விரும்புவோர் பத்தாண்டுகளுக்கு மேலும் காத்திருந்த காலம் உண்டு; 2006-ஆம் ஆண்டு முதல் குலுக்கல் முறை வந்துள்ளது. சால்ட் ஆற்றின் மேற்பகுதியோ அப்பாச்சிப் பழங்குடியினரின் நிலத்தினூடே செல்கிறது. அவர்களிடம் இசைவு பெற்றே இறங்க வேண்டும். ஆற்றுக்குப் பெயர் தந்த உப்பூற்றுகள் அவர்களுக்குப் புனிதமானவை. அங்கே அயலார் கால் வைத்தல் ஆகாது. நீர் பொதுவாயிருக்கலாம், கரைக்கு உரியவர் உண்டு.

இத்தனையும் அறிந்த பின்பும் கடைசிப் பாடம் ஒன்று இருக்கிறது. பாய்ச்சலின் ஒலி கேட்டதும், நல்ல படகோட்டி படகைக் கரையில் ஒதுக்கிவிட்டு இறங்குகிறார். பாறைமேல் ஏறி நின்று நெடுநேரம் பார்க்கிறார். நீர் எங்கே மடிகிறது, எங்கே சுழன்று பின்னோக்கி இழுக்கிறது, தவறினால் எங்கே போய்ச் சேருவோம்? மனம் ஒப்பினால் இறங்குகிறார். ஒப்பாவிட்டால் படகைத் தோளில் சுமந்துகொண்டு கரைவழியே நடக்கிறார். அதில் வெட்கமில்லை. துணைவர் எவரும் அவரை எள்ளி நகைப்பதில்லை.

ஏனெனில் பாலையின் நீர் முன்னறிவிப்பின்றி வரும். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 அன்று, அரிசோனாவின் ஆன்டிலோப் மலையிடுக்கைக் காணச் சென்ற சுற்றுலாப் பயணிகள் 11 பேர் காட்டாற்று வெள்ளத்தில் மாண்டனர். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெயரளவுக்கே. பல மைல் தொலைவில் கொட்டிய மழை, அந்தக் குறுகிய இடுக்கில் சுவரைப் போல எழுந்து வந்தது. தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது என்பதைப் பாலை கற்பிக்கும் விதம் அது.

வெடிவைத்த விவேகம்

சால்ட் ஆற்றில் 'குவார்ட்சைட்' என்னும் ஓர் அருவி இருந்தது. கடினமான பாறைத்தட்டின் மீது நீர் விழுந்து, அடியில் சுழன்று, படகையும் ஆளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே பலரும் அங்கே கரையேறி, படகைச் சுமந்தே கடந்தனர். கூட்டம் மிகுந்த நாளில் வரிசையில் மணிக்கணக்காக நிற்கவேண்டி வரும். 1993-ஆம் ஆண்டு சிலர் இரகசியமாக வெடிமருந்து கொண்டு சென்று அப்பாறையைத் தகர்த்துவிட்டனர். 1984-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் காக்கப்பட்ட கானகப் பகுதி அது. பிடிபட்டபோது, உயிர்களைக் காக்கவே அவ்வாறு செய்ததாக அவர்களுள் தலையாயவர் சொன்னார். வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது. அருவி மட்டும் திரும்பவில்லை. அது இன்று எளிதில் கடக்கத்தக்க ஒரு சிறு பாய்ச்சல்.

இச்செய்தியைப் படித்து நான் நெடுநேரம் சிந்தித்ததுண்டு. உயிர் காப்பது நல்லதன்றோ? நல்லதே. ஆனால் அங்கே கரைவழி இருந்தது. சுமந்து நடக்கத் தோள்கள் இருந்தன. இல்லாதது பொறுமை ஒன்றே. தமக்குத் தடையாக நின்றதை, எல்லாருக்கும் உரிய ஒன்றை, எவரையும் கேளாமல் அழித்துவிட்டு, அதற்கு இரக்கம் என்று பெயர் சூட்டினார்கள். நம் இல்லங்களிலும் இது நடவாததன்று. பிள்ளையின் பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லையும் நாமே உடைத்து அகற்றிவிட்டு, "அவன் நன்மைக்காகவே" என்கிறோம். கல்லின்முன் நின்று பார்க்கவும், இறங்கலாமா கூடாதா என்று தானே முடிவு செய்யவும், வேண்டுமானால் சுமந்து நடக்கவும் அவன் எங்கே கற்றுக்கொள்வான்?

அளவை மீறினால்

அளந்தறிந்த பவல், அளவையே பேசினார். 1893-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கூடிய பாசன மாநாட்டில், இந்த வறண்ட நிலம் முழுவதற்கும் பாய்ச்சப் போதிய நீர் இல்லை என்று எடுத்துச் சொன்னார். கூட்டத்தினர் கூச்சலிட்டு அவரை இகழ்ந்தனர். 1922-ஆம் ஆண்டு மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொலராடோ ஆற்றின் நீரில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ஏக்கர் அடி பங்கிடப்பட்டது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. நீர்வளம் மிகுந்திருந்த ஆண்டுகளின் கணக்கை நம்பிச் செய்த பங்கீடு அது. மெக்சிகோவுக்கு உரிய பங்கு 1944-ஆம் ஆண்டில் அதன்மேல் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் தொடரும் வறட்சியில் ஆறு அவ்வளவு நீரைத் தருவதில்லை. இன்று நான்கு கோடி மக்கள் அதை நம்பி வாழ்கின்றனர்.

கிளென் கேன்யன் அணையின் நீர்த்தேக்கத்துக்குப் பவலின் பெயரையே சூட்டியுள்ளனர். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது கொள்ளளவில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நீர் வடிய வடிய, மேற்புறமுள்ள கேட்டரேக்ட் மலையிடுக்கில் ஒரு தலைமுறைக்கு மேலாய் மூழ்கிக் கிடந்த பாய்ச்சல்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டு மீண்டும் நுரைக்கலாயின. படகோட்டிகளுக்கு அது களிப்பு. ஆனால் கலப்பற்ற களிப்பன்று. தாம் மகிழ்ந்து கடக்கும் ஒவ்வொரு புதிய பாய்ச்சலும், கீழே ஊர்களின் குடிநீரும் வயல்களின் பாசனமும் குறைந்துபோனதன் அடையாளம் என்பதை அவர்கள் அறிவர்.

ஆறுதலான ஒரு காட்சியோடு முடிக்கிறேன். கொலராடோ ஆறு பல்லாண்டுகளாய்க் கடலை எட்டுவதில்லை. மெக்சிகோவில் அதன் படுகை மணற்காடாகவே கிடந்தது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இரு நாட்டாரும் ஒப்பி, எட்டு வாரங்களுக்குச் சிறிது நீரை ஆற்றுக்கென்றே திறந்துவிட்டனர். எல்லையை ஒட்டிய சான் லூயிஸ் நகரத்தார், ஆறே கண்டிராத தம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு படுகைக்கு வந்தனர். நீர் மெல்ல ஊர்ந்து வந்தது. சிறுவர் அதில் குதித்தனர். முதியோர் இளமையில் கண்ட ஆற்றை மீண்டும் கண்டனர். மே மாதத்தில் அந்நீர் கடலையும் தொட்டது.

பாலையில் ஆறு தேடுவோர் நமக்குச் சொல்வது இதுவே: தொலைவிலுள்ள மலையைப் பார், பருவத்துக்குக் காத்திரு, இறங்குமுன் அளந்து பார், ஆபத்துக்கு முதுகைக் காட்டாதே, முடியாதபோது சுமந்து நட. வறண்டு கிடப்பதாக நாம் கைவிட்ட உறவு ஏதேனும் நம் இல்லத்தில் இருக்கலாம். அதன் தலைமடையில் இன்னும் பனி இருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பார்த்தோமா?

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.